நூற்று எண்பத்தேழு பேரின் மனநிறைவு

ஆண்டர்சன்பேட்டைத் தமிழ்ச் சபையில் யாராவது இறந்துபோனால் முதலில் கோயில் மணி அடிக்கும். அடுத்து கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் போகும். பிறகு இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து ஹரோல்டின் கதவைத் தட்டுவார். அடக்க ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்னால், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கப்பட வேண்டும். அதை எழுதுவதும் வாசிப்பதும் ஹரோல்டின் பொறுப்பு. 1993 நவம்பரில் முதல் குறிப்பை வாசித்தார். 2024 ஆகஸ்ட் வரை, முப்பது ஆண்டு ஒன்பது மாதத்தில், இருநூற்றுப் பதினான்கு பேருக்கு எழுதியிருந்தார். பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், சுரங்கத்தில் சேர்ந்த நாள், திருமணம், பிள்ளைகள், வேலையிலிருந்து நின்ற நாள், இறந்த நாள், இறந்த நேரம். இவற்றில் ஒன்று தவறென்று இதுவரை எவரும் வந்து சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை. வெளியே காட்டாத பெருமைதான், ஆனாலும் பெருமை.

இந்தப் பழக்கம் அவருக்குத் தங்கச் சுரங்கத்தில் வந்தது. 1951 அக்டோபர் 14-ம் தேதி பிறந்த ஹரோல்ட், 1972-ல் டைம் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தார். ஷிப்டுக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை அவருடைய ஜன்னலில் கொடுத்துவிட்டு, கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஷிப்ட் முடிந்த பிறகும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இருபத்தொன்பது வருடம் அவர் அந்த ஜன்னலில் உட்கார்ந்தார். பலகைக்கும் ரிஜிஸ்தருக்கும் ஒருநாள்கூட வித்தியாசம் வந்ததில்லை. ஜன்னல் தாழ்வானது. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவனின் கையும் இடுப்பும் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். டோக்கன் நம்பருக்கு முகம் தேவைப்படாததால் அவர் குனிந்ததில்லை.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். ஊர் பாதி வேலைக்காகப் பெங்களூர் ரயிலில் ஏறிப் பழகியது. ஹரோல்டுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மனைவி வினோலியா பேத்தமங்களாவில் பள்ளி ஆசிரியை, அவள் சம்பளம் இருந்தது. அவர் சபையின் ரிஜிஸ்தர்களை எடுத்துக்கொண்டார். ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, கமிட்டி நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அவர் கைக்கு வந்தன. தினமும் டைரி எழுதினார். சபை சார்பில் யார் வீட்டுக்குச் சந்திப்புக்குப் போனார், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பது அதில் இருக்கும்.

வாழ்க்கைக் குறிப்பில் தேதிகளை மட்டும் அடுக்கினால் வாசித்து நிறுத்தும்போது வெறுமையாக இருந்தது. ஒன்பதாவது குறிப்பில் அவருக்கு ஒரு வாக்கியம் அமைந்தது. "கடைசி வரை மனநிறைவோடு வாழ்ந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதை வாசித்தபோது முன் பெஞ்சில் இருந்த பெண்கள் அழுதார்கள். வெளியே வந்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்றிலிருந்து அந்த வாக்கியம் நிலைத்துவிட்டது.

இந்த வருடம் சபையின் ஆண்டு விழாவுக்கு எல்லாக் குறிப்புகளையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுவதென்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் இளையவரான கிளமெண்ட், நாற்பத்து நான்கு வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், எல்லாவற்றையும் டைப் செய்து கொடுத்தார். ஒவ்வொரு குறிப்புக்கும் இறந்தவர் குடும்பத்திலிருந்து ஒரு சம்மதப் படிவம் வாங்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். முப்பத்தொன்பது குடும்பங்கள் ஊரை விட்டுப் போய் விலாசம் தெரியாமல் இருந்தன. நூற்று எழுபத்து நான்கு படிவங்கள் கையெழுத்தாகி வந்தன. அவற்றில் முதல் கையெழுத்து ஹரோல்டுடையது, 2016-ல் இறந்த வினோலியாவுக்காக. ஒரே ஒரு படிவம் வரவில்லை. எழுபத்தெட்டாம் குறிப்பு, டைட்டஸ், சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன், ஸ்கெலட்டன் குடியிருப்பு. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் மனைவி பியூலா.

மூன்று முறை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் 10-ம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹரோல்ட் தானே போனார்.

ஸ்கெலட்டனில் தொழிலாளர் வீடுகள் லைன் லைனாக இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீடு தும்மும். பியூலாவின் முன்னறையில் பக்கத்து வீட்டு ரத்தினம்மா உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பியூலாவுக்கு அறுபத்தொன்பது வயது. நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தாள். ஹரோல்டை நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் படிவத்தையும் பேனாவையும் ஸ்டூல்மேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"படிச்சிக் காட்டுங்க அண்ணா," என்றாள். "அன்னிக்கிக் கோயில்ல படிச்சா மாதிரியே. அப்பறம் போடுறேன்."

அதில் ஹரோல்டுக்குச் சந்தோஷம்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயிலில் வாசிக்கும் குரலிலேயே தொடங்கினார். டைட்டஸ் 1948 மார்ச் 21-ல் பிறந்தார். 1969 ஜூலை 7-ல் சுரங்கத்தில் சேர்ந்தார். 1976 மே 12-ல் பியூலாவை மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள். முப்பத்திரண்டு வருட உழைப்பு. "சுரங்கம் மூடப்பட்ட பின் இல்லத்தில் அமைதியாகத் தங்கியிருந்து, கடைசி வரை மனநிறைவோடு வாழ்ந்து…"

ரத்தினம்மா சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மடியிலிருந்த அவரைக்காய் தரையில் உருண்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க ரைட்டரே," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க லைன்ல அது ஒரு பேச்சு. எவனாச்சும் வேலைக்கிப் போவாம சுவத்தப் பாத்துக்கினு உக்காந்தா, 'மனநிறைவா கீறாம்பா'ன்னுவோம். குடிச்சிட்டு வாசல்ல விழுந்து கெடந்தாலும் அதான். இருவது வருசமா சொல்லிக்கினு கீறோம். எங்கேர்ந்து வந்த பேச்சின்னே இப்போ பசங்களுக்குத் தெரியாது. நம்ம ரைட்டரு வாயிலேர்ந்து வந்ததுதான்."

ஹரோல்ட் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

பியூலா குரலை உயர்த்தாமல் சொன்னாள். கடையில் சாமான் கேட்பதுபோலச் சொன்னாள். சுரங்கம் மூடிய அடுத்த வாரம் டைட்டஸ் உள்ளறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்று வருடம் மூன்று மாதம் அங்கேயே இருந்தார். ரயிலில் வேலைக்குப் போன சிநேகிதர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்தார்கள். பேச்சு நின்றது. கடைசி ஒரு வருடம் அவள்தான் குளிப்பாட்டினாள். அவள் அவரைத் திட்டியிருக்கிறாள், ஒருமுறை தட்டை அவர் முன்னால் வீசி எறிந்திருக்கிறாள். இது லைன் முழுவதும் தெரிந்த விஷயம். அடக்கத்தன்று அந்த வாக்கியம் வாசிக்கப்பட்டபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுடைய நாத்தனார் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துக் கேட்டாள், இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தது நீதானே என்று.

"நான் சொல்லிக் குடுத்ததா எல்லாரும் நெனச்சாங்க அண்ணா. அத தொடைக்க எனக்கு வழியே இல்ல."

ஹரோல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனா?"

பியூலா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, டீ ஆறுகிறது என்றாள். படிவம் இங்கேயே இருக்கட்டும், பார்க்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை 2004-ம் வருட டைரியை எடுத்ததுதான். தன்னிடம் தவறில்லை என்று காட்ட ஏதாவது இருக்கும் என்று நினைத்தார். ஜூன் 17, வியாழன். அவருடைய சிறிய, நேரான கையெழுத்து. "மாலை 6.10. பியூலா வந்தார். டைட்டஸ் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நேரமின்மையால் தேதிகள் மட்டும் சரிபார்க்கப்பட்டன. 6.25 முடிந்தது."

ஏதோ சொல்லத் தொடங்கினார். அதையும் எழுதி வைத்திருந்தார்.

அவர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதிவுகளோடு வாழ்ந்தவருக்கு ஒரு பக்கத்தைப் பார்த்தால் முந்தைய பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2002-ம் வருட டைரியை எடுத்தார். அதில் என்ன இருக்கும் என்று கை உறையைத் தொடும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. செப்டம்பர் 15, ஞாயிறு. "சபை சந்திப்பு. டைட்டஸ் வீடு. உள்ளறையில் இருந்தார். பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. 4.30 முதல் 4.40 வரை."

அந்தப் பத்து நிமிடம் முழுதாகத் திரும்பி வந்தது. இருட்டறை. சுவரைப் பார்த்த முதுகு. "டைட்டஸ், நான் டைம் ஆபீஸ் ஹரோல்ட்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது. ஜன்னல் வழியாக ஆயிரம் தடவை பார்த்த கை, தொடைமேல் மல்லாந்து கிடந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு ஜெபம்கூடச் சொல்லாமல் வெளியே வந்து சைக்கிளை எடுத்தார். அதன் பிறகு அந்த லைன் பக்கம் சந்திப்புக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அந்த லைனை வேறொருவருக்கு ஒதுக்கினார். ஒதுக்கீட்டை எழுதியதும் அவர்தான்.

ஆகவே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அந்த வாக்கியத்தை எழுதினார். அது டைட்டஸுக்காக எழுதப்பட்டதில்லை. அந்தப் பத்து நிமிடத்தின்மேல் மூடிய மூடி அது. அதையும் விட மோசமாக, இன்று காலை பதினொன்றரை மணிக்கு, எழுபத்திரண்டாம் வயதில், ஒரு விதவையின் வீட்டில் அவள் கொடுத்த டீயை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டை எடுத்து வைக்காமல் அவர் நோட்டுகளை இறக்கினார். ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கி, அந்த வாக்கியம் உள்ள பக்கங்களுக்கு ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். மாலை நான்கு மணிக்குக் கூட்டினார். நூற்று எண்பத்தேழு. இல்லாதவை இருபத்தேழு. அவற்றில் பத்தொன்பது குழந்தைகளும் வாலிபர்களும். மீதி எட்டு, வாக்கியம் அமைவதற்கு முன் எழுதியவை. அப்படியானால் 1995-க்குப் பிறகு இந்தச் சபையில் வயது வந்து இறந்த ஒருவர்கூட மனக்குறையோடு போகவில்லை. மூடிய சுரங்கத்தின் ஊரில், நெஞ்சில் கல்தூசு அடைத்து இருமியவர்கள், பிள்ளைகள் வராமல் காத்திருந்தவர்கள், குடித்துக் கெட்டவர்கள், எல்லாரும் நிறைந்த மனதோடு போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை. பிறந்த தேதிக்கு ரிஜிஸ்தரைப் பார்த்தார், வேலைக்குச் சேர்ந்த தேதிக்குப் பணிப் புத்தகம் கேட்டு வாங்கிப் பார்த்தார். இதற்கு மட்டும் எதையும் பார்க்கவில்லை.

நூற்று அறுபத்தொன்றாம் குறிப்பில் மட்டும் பென்சில் கொஞ்சம் நின்றிருந்தது. வினோலியா. 2016 பிப்ரவரி 9, செவ்வாய், காலை 5.50. முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கை. "அன்பான ஆசிரியை. எளிமையானவர். வானொலி முதலிய பொழுதுபோக்குகளில் நாட்டமில்லாதவர். கடைசி வரை மனநிறைவோடு…" அந்தப் பக்கத்தில் புள்ளி வைத்துத்தான் கணக்கு நூற்று எண்பத்தேழு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை மறுபடி ஸ்கெலட்டனுக்குப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். பியூலா தனியாக இருந்தாள். படிவம் ஸ்டூல்மேல் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது, அதன்மேல் பேனாவும்.

"பியூலாம்மா, சனிக்கிழமை நான் சொன்னது பொய். எனக்குத் தெரியும். ரெண்டாயிரத்து ரெண்டுல நான் வந்து பார்த்தேன்."

"தெரியும் அண்ணா."

"என்ன தெரியும்?"

"நீங்க வந்தப்போ நான் பின்கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன். சைக்கிள் ஸ்டாண்ட எடுத்த சத்தம்தான் கேட்டுச்சி."

 அவள் உட்காரச் சொல்லும் முன்பே ஹரோல்ட் உட்கார்ந்தார். சனிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தார். கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவளே சொன்னாள்.

"ரத்தினம்மா இருந்தா. அவ முன்னாடி சொல்லியிருந்தா இன்னிக்கி லைன்ல புதுசா ஒரு பேச்சு வந்திருக்கும். ஒருக்கா போதும் அந்த மாதிரி." பிறகு லேசாகச் சிரித்தாள். "நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன். வரலன்னா கையெழுத்தும் இல்ல."

ஹரோல்ட் தலையை ஆட்டினார். அவள் தன்னைப் படித்திருக்கிறாள், சனிக்கிழமை அந்தக் கொஞ்ச நேரம் பார்த்தபோதே முழுதாகப் படித்துவிட்டாள், தான் அவளை இருபது வருடம் படிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்று மாலை ஆறு பத்துக்கு வந்தபோது என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார். கேட்கும்போதே நேரத்தைச் சொன்னதற்காகக் கூசினார்.

"அவரு நல்லாவே இல்ல, அப்பிடி எழுதாதீங்கன்னு சொல்ல வந்தேனோ என்னமோ. இப்போ நெனச்சிப் பாத்தா, நீங்க ஒக்கார வெச்சிக் கேட்டிருந்தாக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணா. எனக்கு வெக்கம். அந்த வயசுல எனக்கு இன்னா தோணுதுன்னு எனக்கே பேர் வெக்கத் தெரியாது. கோவம்னு நெனச்சிக்கினு இருந்தேன். பயம் அது. உங்களுக்கு ஒரு வெக்கம், எனக்கு ஒரு வெக்கம். ரெண்டும் சேந்து அந்த மனுசன மூடிடுச்சி."

டைட்டஸ் போன அடுத்த வருடம், ஐம்பது வயதில், பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததை அவள் சொன்னாள். மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் பெண்கள் பெட்டி. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. முதல் வருடம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தூங்குவதுபோல நடித்தாள். அந்தப் பெட்டியில் பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், ஒருத்தி வீட்டு விஷயத்தை இன்னொருத்தி பிரித்துப் போட்டு அலசுவாள். ஊமையாக இருப்பவளை விடமாட்டார்கள். ஒருநாள் எதிரில் இருந்தவள், அக்கா, நீ தூங்கல, முழிச்சிக்கினு எங்க கதையெல்லாம் ஓசியில கேக்குற, உன் கதையும் ஒண்ணு எடுத்து விடு என்றாளாம். பெட்டியே சிரித்ததாம். பத்து வருடம் அங்கே பேசிப் பேசித்தான் எது பயம், எது கோபம், எது துக்கம் என்று தனக்குப் பிரிக்கத் தெரிந்தது என்றாள். பிறகு மகன்களிடம் பேச வந்தது. மருமகள் முகம் சுண்டினால் ஏனென்று கேட்க வந்தது.

"இப்போ எப்படி இருக்கேம்மா?" என்று ஹரோல்ட் கேட்டார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை.

"நல்லா கீறேன் அண்ணா. சும்மா சொல்லல. முப்பது வயசுல இல்ல, நாப்பத்தஞ்சுல இல்ல. இப்போ கீறேன். அவரு பக்கத்துல இப்போ உக்காரச் சொன்னா எனக்கு உக்காரத் தெரியும். அதான் ஒரு வருத்தம். தெரிஞ்சப்போ ஆளு இல்ல."

எழுபத்தெட்டாம் குறிப்பை இருவருமாகத் திருத்தினார்கள். அவள் சொல்ல அவர் எழுதினார். மூன்று இடத்தில் அவர் கை தானாக மெழுகப் பார்த்தது. 'உடல்நலக் குறைவால்' என்று எழுதினார், அவள் இல்லை என்றாள். 'அமைதியாக' என்று எழுதினார், அதையும் அடிக்கச் சொன்னாள். கடைசியில் இப்படி வந்தது: "சுரங்கம் மூடிய பின் மூன்று வருடம் மூன்று மாதம் அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. மனைவி அவரைப் பார்த்துக்கொண்டார், கோபித்தும் கொண்டார். சபையிலிருந்து ஒருவர் ஒருமுறை வந்து, பத்து நிமிடம் நின்று, பேசாமல் போனார்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்தது ஹரோல்ட். உங்கள் பேரைப் போடவில்லையே என்றாள் பியூலா. அவர் 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு 'ஹரோல்ட்' என்று எழுதினார். அவள் வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை அவர் மகள் ஜெனிட்டாவுக்குப் போன் செய்தார். பெங்களூரில் ஒரு ஆபீசில் வேலை அவளுக்கு, வயது நாற்பத்திரண்டு. உன் அம்மா சந்தோஷமாக இருந்தாளா என்று நேராகவே கேட்டார்.

 "எதுக்கு டாடி? அந்த புக்குக்கா?"

"ஆமா."

"அப்போ நீங்க எழுதினதே இருக்கட்டும்."

"புக்குக்கு இல்லன்னா?"

 பின்னால் யாரோ கன்னடத்தில் அவளைக் கூப்பிடுவது கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரேன் டாடி," என்றாள். "ஆனா நான் சொல்றப்போ நடுவுல தேதி கேக்காதீங்க."

அவள் ஆகஸ்ட் 18-ம் தேதி வந்தாள். பிரியாணி எடுத்து வந்திருந்தாள், இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு சொன்னாள். அம்மாவுக்கு வானொலி என்றால் உயிர். பள்ளி விட்டு வந்ததும் போடுவாள். சமையலறையில் நின்று கூடவே பாடுவாள், ஜெனிட்டாவையும் பாட வைப்பாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் அணைத்துவிடுவாள். டாடி டைரி எழுதணும், சத்தம் ஆகாது என்பாள். ஹரோல்ட் உள்ளே வரும்போது வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைத்தான் அவர் தன் மனைவியின் குணம் என்று எழுதியிருந்தார்.

தான் ஒருநாளும் அணைக்கச் சொன்னதில்லையே என்றார் ஹரோல்ட்.

"சொல்லல டாடி. மம்மி ஒருதடவ அணைக்காம விட்டுப் பாத்தாங்க. நீங்க முகத்த சுளிச்சீங்களா, சிரிச்சீங்களா, எதுவுமே இல்ல. ரேடியோ ஓடுதுன்னே உங்களுக்குத் தெரியல. அதுதான் அவங்களுக்குத் தாங்கல. மறுநாள்லேர்ந்து மறுபடி அணைச்சிட்டாங்க."

அவர் அந்த நாளை நினைவில் தேடினார். எந்த வருடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அந்த நாளின் டைரிப் பக்கமும் அலமாரியில் இருக்கும், அதில் வானொலி இருக்காது. மகள் அவரைத் தேற்றவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்தாள். கிளம்பும்போது, மம்மி உங்களை வெறுக்கல டாடி, அது வேற என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 25-ம் தேதி ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. பாஸ்டரோடு ஏழு பேர். வழக்கம்போல நடவடிக்கைக் குறிப்பு எழுத ஹரோல்ட் நோட்டைத் திறந்தார். கிளமெண்ட், வர வேண்டிய படிவமெல்லாம் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஹரோல்ட் எழுந்தார். எழுபத்தெட்டாம் குறிப்பின் புதிய தாளைக் கொடுத்தார். மற்ற நூற்று எண்பத்தாறிலும் மனநிறைவு என்று தான் எழுதியது விசாரிக்காமல் எழுதியது, குடும்பங்களைக் கேட்டுச் சரிபார்க்கும்வரை அச்சுக்குப் போக வேண்டாம் என்றார். விழாவுக்கு மூன்று மாதம்கூட இல்லை என்று கிளமெண்ட் சொன்னார். அப்படியானால் தேதிகளை மட்டும் போடுங்கள், அந்த ஒரு வாக்கியத்தை எல்லாவற்றிலும் எடுத்துவிடுங்கள் என்றார் ஹரோல்ட். அதற்கு ஒப்புக்கொண்டார்கள். உறுப்பினர் ஒருவர், நல்ல வாக்கியம்தானே, எங்கப்பாவுக்கும் அதுதானே வாசிச்சீங்க என்று வருத்தப்பட்டார். ஹரோல்டால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"நூத்தி அறுபத்தொண்ணு முழுசா வேணாம்," என்றார் பிறகு. "எடுத்துடுங்க."

அது வினோலியாவின் குறிப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பாஸ்டர் மெதுவாக, தேதிகளாவது இருக்கட்டுமே என்றார். தேதிகள் சரிதான், ஆனால் அவளைப் பற்றிய ஒரு விவரம் தவறாக இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மற்றவை எப்படி என்று தனக்குத் தெரியாது என்றார் ஹரோல்ட். முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொல்லாமல் உட்கார்ந்தார்.

குறிப்பை நீக்குவதானால் நடவடிக்கையில் காரணம் எழுத வேண்டும் என்பது கமிட்டி விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவர் அவர்தான். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஹரோல்ட் பேனாவை எடுத்து, 161 என்ற எண்ணுக்கு எதிரே, "எழுதிய கணவருக்கு விவரம் தெரியாது" என்று எழுதி, நோட்டைப் பாஸ்டர் பக்கம் தள்ளினார். பாஸ்டர் படித்தார். வேறு மாதிரி எழுதலாமா என்று கேட்டார். ஹரோல்ட் வேண்டாம் என்றார். பாஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். விதிப்படி அது ஒவ்வொருவர் கையாகப் போய் வர வேண்டும். ஹரோல்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒவ்வொருவராக அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.